இரும்பு மிகுந்த விண்மீன்களின் பூர்விகம்

மக நட்சத்திரத்திலிருந்து வடக்கே அரிவாள் போல வளைந்து செல்லும் விண்மீன் வரிசையை மாசி, பங்குனி இரவுகளில் எவரும் பார்க்கலாம். அந்த அரிவாளின் மேல்வளைவில் சற்று மங்கலாக ஒன்று இருக்கிறது. வானியலார் அதை மியூ லியோனிஸ் என்பார்கள். ஹைரன் ஸ்பின்ராட், பெஞ்சமின் டெய்லர் என்ற இரு அமெரிக்க வானியலாளர்கள் 1969-இல் இதையும் இதையொத்த சில விண்மீன்களையும் எடுத்துக்காட்டி, சூரியனில் இருப்பதைவிட இவற்றில் உலோகம் மிகவும் கூடுதல் என்று எழுதினார்கள். 'மீயுலோக விண்மீன்கள்' என்ற பிரிவு அப்போது பிறந்தது. அப்படி ஒரு பிரிவே உண்டா என்று தொடங்கிய வாதம், அவை எங்கே பிறந்தன என்ற கேள்வியாக வளர்ந்து நிற்கிறது. பால்வெளியின் உட்பகுதியில் பிறந்து, பிறகு வெளியே நகர்ந்து நம் பக்கம் வந்து சேர்ந்தவை என்பது இன்று பெரும்பாலோர் சொல்லும் விடை. அந்த விடையில் எந்தப் பகுதி உறுதியானது, எந்தப் பகுதி இன்னும் ஊகம் என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பிரிக்காமலே இரண்டையும் ஒரே குரலில் சொல்லும் வழக்கம் வளர்ந்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சொல்லாட்சி. வானியலில் 'உலோகம்' என்றால் ஹைட்ரஜன், ஹீலியம் இரண்டும் தவிர மற்ற எல்லாத் தனிமங்களும். கரியும் ஆக்சிஜனும்கூட அந்தக் கணக்கில் உலோகம்தான். நிறமாலையில் இரும்பின் கோடுகள் நிறையவும் தெளிவாகவும் கிடைப்பதால் இரும்பையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். சூரியனில் உள்ளதைப்போல இரண்டு மடங்கு, இரண்டரை மடங்கு இரும்பு கொண்டவைதான் நாம் பேசும் விண்மீன்கள். அந்தக் கூடுதல் நமக்குச் சிறிதாகத் தெரியலாம். பால்வெளியின் வரலாற்றில் அது பெரிய தூரம்.

ஏன் என்றால் இரும்பு சேமிப்பு போன்றது. தலைமுறை தலைமுறையாகத்தான் சேரும். விண்மீன்கள் தம் உள்ளே தனிமங்களைச் சமைக்கின்றன. சூப்பர்நோவாவாக வெடிக்கும்போது அவற்றை வெளியே உள்ள வாயுவில் கலக்கின்றன. அந்த வாயுவிலிருந்து அடுத்த தலைமுறை பிறக்கிறது. ஆகவே ஓர் இடத்தில் இன்று இருக்கும் வாயுவே, அந்த இடத்தின் வரலாற்றில் ஏறக்குறைய மிக அதிக உலோகம் கொண்ட வாயுவாக இருக்க வேண்டும். சூரியனைச் சுற்றியுள்ள வட்டாரத்தில் அந்த வாயுவின் உலோகச் செறிவு கிட்டத்தட்டச் சூரியனின் அளவே. அண்மையில் பிறந்த வெப்பமான பி வகை விண்மீன்களை நீவா, ஷிபில்லா இருவரும் நுணுக்கமாக அளந்து 2012-இல் வெளியிட்ட முடிவும் அதையே சொல்கிறது. அப்படியானால் இங்கே இரண்டு மடங்கு இரும்போடு ஒரு விண்மீன் பிறந்திருக்க வாய்ப்பு குறைவு. அந்த விண்மீன் சூரியனைவிட மூத்ததாகவும் இருந்தால் சிக்கல் இரட்டிக்கிறது. அது பிறந்த காலத்தில் இந்த வட்டாரத்து வாயு இன்றைக்கு இருப்பதைவிட ஏழையாக இருந்திருக்கும்.

இந்த முரண்பாட்டை முதலில் உரக்கச் சொன்னவர் ஜெனீவாவின் மிஷெல் கிரெனோன். 1970-களிலும் 80-களிலும் அவர் சூரியனுக்கு அருகில், வயதிலும் உலோகத்திலும் ஒருசேர முதிர்ந்த விண்மீன்களைப் பொறுக்கியெடுத்து, இவை பால்வெளியின் உட்பகுதியிலிருந்து வந்தவை என்றார். பிரேசிலின் பீட்ரிஸ் பார்புயியும் அவருடைய குழுவினரும் அந்தப் பட்டியலிலிருந்து 71 விண்மீன்களை எடுத்து மறுபடி ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டபோது, கிரெனோனின் கருத்து பெரிதும் நிலைத்தது.

உட்பகுதி ஏன்? பால்வெளியின் வட்டில் மையத்தை நோக்கிப் போகப்போக உலோகம் கூடுகிறது. செஃபீடு வகை இளம் விண்மீன்களை அளந்தால், ஏறத்தாழ ஒவ்வொரு 3,260 ஒளியாண்டுக்கும் 15 விழுக்காடு என்ற வீதத்தில் இரும்பு உயர்கிறது. மையத்தருகே வாயு அடர்த்தி அதிகம். விண்மீன்கள் விரைந்து பிறந்து விரைந்து வெடித்தன. சேமிப்பு அங்கே சீக்கிரம் நிறைந்தது. 2024-இல் ஹான்ஸ்-வால்ட்டர் ரிக்ஸின் குழு, கையா விண்கலத்தின் தரவுகளைக் கொண்டு, மிகமிக உலோகம் செறிந்த விண்மீன்கள் பால்வெளியின் மையத்தைச் சுற்றி ஐயாயிரம் ஒளியாண்டுக்குள் ஒரு முடிச்சாகத் திரண்டிருப்பதைக் காட்டியது. இரும்புச் செல்வத்தின் ஊர் அதுதான் என்பதில் ஐயமில்லை. அங்கே பிறந்தவை 26,000 ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கும் நம் வட்டாரத்துக்கு எப்படி வந்தன, அல்லது உண்மையில் வந்தனவா என்பதுதான் வழக்கு.

எதிர்வாதங்களை முதலில் எடுத்துக்கொள்வோம். அவற்றில் மூன்று மதிக்கத் தக்கவை.

ஒன்று, அளவீடே பிழை என்பது. இது வெறும் சாக்கு அல்ல. உலோகம் மிகுந்த குளிர்ந்த விண்மீனின் நிறமாலையில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். கரியும் நைட்ரஜனும் சேர்ந்த மூலக்கூறின் பட்டைகள் வேறு குறுக்கே வந்து விழும். கோடுகளுக்கிடையே தூய ஒளி எங்கே இருக்கிறது என்று தீர்மானிப்பதே கடினம். அதைச் சற்றுத் தவறாக வைத்தாலும் இரும்பின் அளவு மாறிவிடும். மியூ லியோனிஸ் பற்றிய சச்சரவு பல ஆண்டுகள் நீண்டதற்கு இதுவே காரணம். ஆனால் உயர்பிரிதிறன் நிறமாலைகள் வந்த பிறகு, வேறு வேறு கருவிகளாலும் வேறு வேறு குழுக்களாலும் அளந்த பிறகும் இவை உலோகம் மிகுந்தவையாகவே நிற்கின்றன. அகச்சிவப்பில் பார்க்கும் அப்போஜி ஆய்வும் இதையே சொல்கிறது. இந்த வாதம் ஒவ்வொரு விண்மீனின் எண்ணைச் சற்றுத் தளர்த்தலாமே தவிர, பிரிவையே அழிக்க முடியாது.

இரண்டாவது வாதம், கோள்களை விழுங்கியதால் வந்த மேற்பூச்சு என்பது. வேற்றுக்கோள்கள் கண்டுபிடிக்கப்பட்ட புதிதில், கோள் உள்ள விண்மீன்களில் உலோகம் மிகுந்திருப்பதைக் கண்ட கியெர்மோ கோன்சாலஸ் 1997-இல் இப்படி ஓர் எண்ணத்தை முன்வைத்தார். விழுங்கிய பாறையும் இரும்பும் மேலடுக்கில் கரைந்து நிறமாலையைச் செறிவாக்கும் என்பது கருத்து. இதைச் சோதிக்க நேர்த்தியான வழி உண்டு. விண்மீனின் மேலடுக்கில் கொதிகலன் போலக் கலங்கும் பகுதி சிலவற்றில் மெல்லியது, சிலவற்றில் ஆழமானது. சொம்புத் தண்ணீரிலும் குடத்துத் தண்ணீரிலும் ஒரே அளவு உப்பைப் போட்டால் கரிப்பு ஒன்றாக இருக்காது. அதுபோல மெல்லிய கலங்கலடுக்கு உள்ளவற்றில் உலோகம் அதிகமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஃபிஷர், வலென்ட்டி இருவரும் 1,040 விண்மீன்களை ஆராய்ந்து 2005-இல் அப்படி எந்தப் போக்கும் இல்லை என்றார்கள். இந்த விண்மீன்கள் மேலிருந்து அடிவரை உலோகம் மிகுந்தவை. பிறவியிலேயே வந்த செல்வம் அது. இந்த வாதம் அங்கே முடிந்துவிட்டது.

மூன்றாவது வாதம் நுட்பமானது; எனக்கு இதுதான் உண்மையான சோதனையாகத் தோன்றுகிறது. நம் வட்டாரத்து வாயு ஒரே சீராக இருக்கிறது என்று யார் சொன்னது? அன்னலிசா டி சியா தலைமையிலான குழு 2021-இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை இந்த இடத்தில்தான் கைவைத்தது. 25 விண்மீன்களின் திசையில் உள்ள வாயுவை அளந்து, இடத்துக்கு இடம் பத்து மடங்குவரை வேறுபாடு இருக்கிறது என்றார்கள். அப்படியானால் உலோகம் மிகுந்த வாயு இங்கேயே திட்டுத்திட்டாக இருந்திருக்கலாமே, இடப்பெயர்ச்சி எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்தக் கட்டுரையைக் கவனித்துப் படித்தால் விடை அதிலேயே இருக்கிறது. அவர்கள் கண்ட வேறுபாடு கீழ்நோக்கியது. சூரியனில் உள்ளதில் பாதி, ஆறில் ஒரு பங்கு என்ற அளவில்தான் திட்டுகள் கிடைத்தன. வெளியிலிருந்து விழும் தூய வாயு நன்றாகக் கலக்காமல் இருந்தால் ஏழைத் திட்டு உண்டாகும். இரண்டரை மடங்கு பணக்காரத் திட்டு அதனால் உண்டாகாது. அதோடு, ஒளிரும் வாயு முகில்களையும் இளம் விண்மீன்களையும் வைத்து எஸ்தெபான் குழுவினர் 2022-இல் அந்த வேறுபாட்டையே மறுத்தார்கள். எப்படிப் பார்த்தாலும் இடப்பெயர்ச்சிக் கருத்துக்கு அந்தக் கட்டுரை எதிர்ச்சாட்சி ஆகவில்லை.

ஓர் உறுத்தல் மட்டும் மிச்சம் இருக்கிறது. ரோகிணி நட்சத்திரத்தைச் சூழ்ந்து தெரியும் ஹயாடீஸ் கொத்து நமக்கு 150 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. (ரோகிணி அதன் உறுப்பு அல்ல, நமக்கும் கொத்துக்கும் இடையில் நிற்கும் விண்மீன்.) கொத்தின் வயது 65 கோடி ஆண்டு அளவில்தான், வெகுதூரம் நகர்ந்து வரும் அளவுக்கு அது வாழவில்லை. ஆனாலும் அதில் சூரியனைவிட 40 விழுக்காடு இரும்பு கூடுதல். ஆகவே சூரியனைவிடச் சற்றே அதிகம் என்பதை மட்டும் வைத்து ஒரு விண்மீனை வெளியூர் என்று முத்திரை குத்துவது தவறு. கோட்டை ஒன்றரை மடங்குக்கு மேலே போட வேண்டும். வயதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த எச்சரிக்கையைப் பின்பற்றாத கட்டுரைகள் இன்றும் வருகின்றன. அவற்றின் எண்ணிக்கைக் கணக்குகளை நான் ஏற்கத் தயங்குகிறேன்.

சரி, வந்தவை என்றே வைத்துக்கொள்வோம். எப்படி வந்தன? இங்கேதான் 'இடப்பெயர்ச்சி' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு நிகழ்ச்சிகள் ஒளிந்திருக்கின்றன.

ஒரு விண்மீன் மையத்தைச் சரியான வட்டத்தில் சுற்றாமல் உள்ளும் புறமும் ஊசலாடியபடி சுற்றலாம். அதன் வீடு உள்ளே. இன்று வெளியூர்ப் பயணத்தில் இருக்கிறது. நாளை திரும்பிப் போகும். இதில் அதன் கோண உந்தம் மாறவில்லை. இரண்டாவது வகையில் கோண உந்தமே மாறிவிடுகிறது. வீட்டையே காலி செய்துகொண்டு வந்துவிட்ட நிலை. சுற்றுப்பாதை பெரிதாகிறது; ஆனால் வட்டமாகவே இருக்கிறது. முதல்வகையை ஊசலாட்டம் என்றும் இரண்டாவதைக் குடிபெயர்வு என்றும் சொல்லலாம்.

குடிபெயர்வு நடக்கும் விதத்தை 2002-இல் செல்வுட், பின்னி இருவரும் எழுதிய கட்டுரை தெளிவாக்கியது. அதற்கு முப்பது ஆண்டு முன்பே லிண்டன்-பெல், கல்னாய்ஸ் இருவரும், சுருள்கைகள் விண்மீன்களோடு கோண உந்தத்தைப் பரிமாறிக்கொள்ளும் இடங்களைக் கணித்திருந்தார்கள். சுருள்கை சுற்றும் வேகமும் விண்மீன் சுற்றும் வேகமும் ஒன்றாக இருக்கும் ஆரம் ஒன்று உண்டு. அங்கே இருக்கும் விண்மீனுக்கு, சுருள்கை நகராமல் பக்கத்தில் நிற்பதுபோல் இருக்கும். கை முன்னால் இருந்தால் விண்மீனை இடைவிடாமல் முன்னோக்கி இழுக்கும், கோண உந்தம் ஏறும், பாதை விரியும். பின்னால் இருந்தால் நேர்மாறு. அந்தச் சுருள்கை நிலையாக இருந்தால் விண்மீன் போன வழியே திரும்பிவிடும். அது எழுந்து, சிறிது காலம் நின்று, கரைந்து போனால் விண்மீன் புதிய பாதையிலேயே தங்கிவிடும். இப்படித் தோன்றி மறையும் சுருள்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால், ஊசலாட்டம் அதிகரிக்காமலேயே விண்மீன்கள் ஆயிரக்கணக்கான ஒளியாண்டுகள் நகர முடியும். வட்டின் ஒழுங்கு குலையாமல் அதன் குடிமக்கள் இடம் மாறலாம் என்பதை இந்தக் கட்டுரைக்கு முன் பலர் எதிர்பார்க்கவில்லை. இயக்கவியலில் கடந்த கால் நூற்றாண்டில் நான் படித்த அழகான எண்ணங்களில் இது ஒன்று.

அழகு சான்று ஆகாது. சோதிக்க என்ன வழி? மையத்திலிருந்து 13,000 ஒளியாண்டில் தொடங்கி 26,000 ஒளியாண்டுவரை ஊசலாடி வரும் விண்மீன் ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். அதன் பாதையின் மையத்தொலைத் தகவு, அதாவது பாதை வட்டத்திலிருந்து விலகும் அளவு, 0.33 ஆக இருக்க வேண்டும். வட்டுக்கு இது பெரிய சிதைவு. நம் வட்டாரத்து மீயுலோக விண்மீன்கள் ஊசலாடி வந்தவை மட்டுமே என்றால், அவற்றின் பாதைகள் இப்படித்தான் இருக்க வேண்டும். 2015-இல் கோர்தொப்பாத்திஸ் குழு, ஆஸ்திரேலியாவிலிருந்து நடந்த ரேவ் ஆய்வின் தரவுகளில் இதைப் பார்த்தது. ஏறத்தாழப் பாதி விண்மீன்களுக்கு அந்தத் தகவு 0.15-க்கும் கீழே இருந்தது. 2023-இல் டான்டஸ், ஸ்மில்யானிச் முதலானோர் வேறொரு ஆய்விலிருந்து எடுத்த முதிய மீயுலோக விண்மீன்களும் வட்டத்துக்கு நெருங்கிய பாதைகளிலேயே கிடைத்தன. ஊசலாட்டத்தால் இதை விளக்க இயலாது.

இன்னும் வலுவான சான்று என்று நான் கருதுவது 2015-இல் ஹேடன் குழு காட்டிய ஒரு வரைபடம். ஏறத்தாழ 70,000 செம்பெருமீன்களை மையத்திலிருந்துள்ள தூரப்படி பிரித்து, ஒவ்வொரு வளையத்திலும் எந்த அளவு உலோகம் கொண்ட விண்மீன் எத்தனை என்று வரைந்தார்கள். உள்வளையத்தில் பெரும்பாலானவை பணக்காரர்கள்; ஏழைப் பக்கம் ஒரு வால் நீள்கிறது. வெளிவளையத்தில் பெரும்பாலானவை ஏழைகள். பணக்காரப் பக்கம் வால் நீள்கிறது. முதல் படம் இயல்பானது. வாயு மெல்லச் செறிந்து வரும் எந்த இடத்திலும் தொடக்ககால ஏழைகள் வாலாக மிஞ்சுவார்கள். இரண்டாவது படம் தானாக வளர்ந்த ஓர் ஊரில் தோன்றவே முடியாது. சொந்த வாயுவின் உச்சத்தைத் தாண்டிய பணக்கார வால் வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஊசலாட்டத்தை மட்டும் வைத்து அவர்கள் செய்துபார்த்த எளிய மாதிரியில் அந்த வால் போதுமான அளவுக்கு எழவில்லை. குடிபெயர்வைச் சேர்த்தபோது எழுந்தது. இந்தச் சான்று எந்தத் தனி விண்மீனின் வயதையும் நம்பி நிற்கவில்லை. வடிவத்தை மட்டும் நம்பி நிற்கிறது. அதனால்தான் இதற்கு நான் அதிக எடை தருகிறேன்.

பாரிஸ் வான்நிலையத்தின் மிஷா ஹேவுட் இதற்கு உடன்பட மாட்டார். 2008-இல் உலோகப் பரவலின் இரு ஓரங்களும் வெளியூர்க்காரர்கள் என்று எழுதியவரே அவர். பின்னால் 2013 முதல் அவரும் இணைந்தவர்களும், வட்டின் உட்பகுதியும் வெளிப்பகுதியும் வேறுவேறு வரலாறு கொண்டவை, சூரியன் அவற்றின் எல்லையில் இருக்கிறது, ஆகவே பெருமளவு குடிபெயர்வு தேவையில்லை என்று வாதிட்டு வருகிறார்கள். இந்த வாதம் ஒரு நல்ல காரியம் செய்தது. எதற்கெடுத்தாலும் குடிபெயர்வு என்று சொல்லும் சோம்பலைக் கண்டித்தது. சூரியன் எல்லையில் இருப்பது உண்மையானால், சிறு ஊசலாட்டமே நம் வட்டாரத்துக்குக் கலப்பைக் கொண்டுவந்துவிடும். ஆனால் சூரியனைத் தாண்டி வெகுதூரத்தில், 35,000 ஒளியாண்டுக்கு அப்பாலும் தெரியும் பணக்கார வாலை அது எப்படி விளக்கும்? அதற்கு நிறைவான விடையை நான் காணவில்லை.

எத்தனை பேர் குடிபெயர்ந்தார்கள் என்பதில் லுண்ட் பல்கலைக்கழகத்தின் சோஃபியா ஃபெல்ட்சிங் குழு 2020-இல் சொன்ன கணக்கு எனக்கு நிதானமாகப் படுகிறது. ஆராய்ந்த விண்மீன்களில் பாதி ஏதோ ஒருவகையில் ஆரத்தில் நகர்ந்தவை. அநேகமாகக் குடிபெயர்வால் மட்டுமே நகர்ந்தவை 10 விழுக்காடு. எந்த வகையிலும் நகராமல் பிறந்த இடத்தில் இருப்பவை 5 முதல் 7 விழுக்காடு. நேஜ் ஃபிராங்கல் குழு 2018-இல் வேறு வழியில், 800 கோடி ஆண்டில் விண்மீன்கள் சராசரியாக 11,000 ஒளியாண்டுக்கும் மேல் சிதறுகின்றன என்று கணித்தது. இரண்டு முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரணல்ல என்றாலும், இரண்டாவதற்கு அடியில் நாம் உற்றுப்பார்க்க வேண்டிய ஓர் ஊன்றுகோல் இருக்கிறது.

அந்த ஊன்றுகோல் பிறப்பாரம். ஒரு விண்மீன் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று அறிய, அது எங்கே பிறந்தது என்று தெரிய வேண்டும். எங்கே பிறந்தது என்பதை யாரும் அளக்கவில்லை. அதன் உலோகத்தையும் வயதையும் பார்த்து, அந்தக் காலத்தில் எந்த ஆரத்து வாயு அப்படி இருந்திருக்கும் என்று கணிக்கிறார்கள். அந்தக் காலத்து வாயு எப்படி இருந்தது என்பதை, இன்று கிடைக்கும் விண்மீன்களை வைத்துக் கணிக்கிறார்கள். அந்த விண்மீன்களோ நகர்ந்தவை. இந்தச் சுழலிலிருந்து வெளியேற ஏதோ ஓர் அனுமானத்தைக் கையில் எடுத்தே ஆக வேண்டும்.

அனுமானத்தின் விலை என்ன என்பதைச் சூரியனை வைத்தே பார்க்கலாம். சூரியன் இன்று மையத்திலிருந்து சுமார் 26,700 ஒளியாண்டில் இருக்கிறது. 1996-இல் வீலன், ஃபுக்ஸ், டெட்பார்ன் மூவரும் அது பிறந்தது 21,500 ஒளியாண்டில் என்றார்கள். 2018-இல் இவான் மின்செவ் குழு அதை 23,800 ஆக்கியது. மின்செவும் சேர்ந்து எழுதிய, லூ தலைமையிலான பிந்தைய ஆய்வு ஒன்றில் அது 14,700 ஆனது. சூரியனின் உலோகம் இதற்கிடையே மாறிவிடவில்லை. வயது 460 கோடி ஆண்டு என்பது விண்கற்களால் உறுதியானது. இவ்வளவு நன்றாக அறியப்பட்ட ஒரு விண்மீனுக்கே பிறந்த ஊர் 9,000 ஒளியாண்டு இங்குமங்கும் ஆடுகிறது என்றால், வயதே சரியாகத் தெரியாத மற்றவற்றுக்கு என்ன சொல்வது? ஒவ்வொரு விடையோடும் ஒரு சிறிய பிழை எல்லை அச்சிடப்படுகிறது. அது கணக்கின் பிழை எல்லை. அனுமானத்தின் பிழை அதில் சேரவில்லை. இதைச் சொல்லாமல் விடுவது படிப்பவருக்குச் செய்யும் அநீதி.

இன்றைய உலோகச் சரிவையே கடந்த காலத்துக்கும் பொருத்தினால் என்ன ஆகும் என்று நானே போட்டுப் பார்த்தேன். இரண்டு மடங்கு இரும்புள்ள விண்மீன் மையத்திலிருந்து 10,000 ஒளியாண்டில் பிறந்திருக்க வேண்டும். இரண்டரை மடங்கு என்றால் 5,000 ஒளியாண்டில். இரண்டும் பால்வெளியின் நடுப்பட்டைக்குள், அதாவது மையத்தில் விண்மீன்கள் நீளமாகத் திரண்டு நிற்கும் பகுதிக்குள், விழுகின்றன. அவ்வளவு உள்ளேயிருந்து வட்டப் பாதையில் இங்கே வருவது மிகக் கடினம். ஆகவே முற்காலத்தில் சரிவு இன்னும் செங்குத்தாக இருந்தது என்று கொள்ள வேண்டியிருக்கிறது. பிரிட்ஜெட் ராட்கிளிஃப், மின்செவ் முதலானோரின் 2023 ஆய்வு அப்படித்தான் சொல்கிறது. நம்பத்தக்க முடிவுதான். ஆனாலும் நகர்வின் அளவைக் குறைப்பதற்காகச் சரிவை ஏற்றுகிறோமா, சரிவைத் தனியாக அளந்த பிறகு நகர்வைக் கணிக்கிறோமா என்ற கேள்வி அந்த முடிவின் மேல் நிழலாக நிற்கிறது.

கடினமான சாட்சி ஒன்று வானத்தில் இருக்கிறது. யாழ் மண்டலத்தில் உள்ள என்ஜிசி 6791 என்ற விண்மீன் கொத்து. தனி விண்மீனின் வயதை நம்பாதவர்கள்கூட இதன் வயதை மறுக்க முடியாது. ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன்களை வைத்து அளந்த வயது 800 கோடி ஆண்டுக்கும் மேல். இரும்பு சூரியனைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். இருப்பதோ மையத்திலிருந்து ஏறத்தாழச் சூரியன் இருக்கும் தூரத்தில். அதுவும் வட்டின் நடுத்தளத்துக்கு இரண்டாயிரம் ஒளியாண்டுக்கும் மேலே. உள்ளே பிறந்து வந்தது என்பதற்கு இதைவிட வெளிப்படையான உதாரணம் வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் 2012-இல் யில்கோவா குழு, பட்டையும் சுருள்கைகளும் கொண்ட மாதிரிகளில் இதன் பாதையைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தபோது, அப்படி வந்துசேரும் வாய்ப்பு ஒரு விழுக்காட்டுக்கும் கீழே என்று தெரிந்தது. இந்தக் கொத்து இடம்பெயர்வுக் கருத்தை வலுப்படுத்துகிறது. இடம்பெயர்த்த பொறி இதுதான் என்று நாம் எழுதிவைத்திருக்கும் மாதிரிகளைப் பலவீனப்படுத்துகிறது. இரண்டையும் சேர்த்தே ஏற்க வேண்டும்.

பொறி எது என்பதில் போட்டியாளர்கள் பலர். தோன்றி மறையும் சுருள்கைகள் மட்டுமா? விண்மீனின் சுற்று பட்டையின் அல்லது சுருள்கையின் சுற்றோடு இசையும் ஆரத்தை ஒத்ததிர்வு என்பார்கள். பட்டையின் ஒத்ததிர்வும் சுருள்கையின் ஒத்ததிர்வும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் நகர்வு பலமடங்கு வேகமாகும் என்று மின்செவ், ஃபமேய் இருவரும் 2010-இல் காட்டினார்கள். பட்டை மெல்லத் தளர்ந்து வேகம் குறையும்போது, அதன் ஒத்ததிர்வு வெளியே நகர்ந்து, சிக்கிய விண்மீன்களையும் இழுத்துக்கொண்டு வரும் என்பது இன்னொரு வழி. இதற்கு ரிம்பெய் சிபா, ரால்ஃப் ஷோன்ரிச் இருவரும் 2021-இல் கையா தரவுகளில் ஒரு தடயம் கண்டார்கள். ஒத்ததிர்வில் சிக்கிய விண்மீன்களின் உலோகம், மரத்தின் வளையங்களைப் போல, நடுவை நோக்கிப் படிப்படியாக உயர்கிறது. முதலில் சிக்கியவை உட்பகுதியின் பணக்காரர்கள். பிறகு வழியில் சேர்ந்தவை வெளிப்பகுதியின் ஏழைகள். இது நேரடித் தடயம் என்பதால் எனக்கு இதில் நம்பிக்கை அதிகம். ஆனாலும் எல்லா மீயுலோக விண்மீன்களையும் இந்த ஒரு வண்டியில் ஏற்றிவிட முடியாது.

இங்கிருந்து இன்னும் ஒரு படி தாண்டி, இந்த விண்மீன்களை வைத்துப் பட்டையின் வயதையே சொல்லிவிடலாம் என்று 2024-இல் சமீர் நேபாள், கிறிஸ்டினா கியாப்பினி முதலானோர் முயன்றார்கள். நம் பக்கம் வந்துசேர்ந்த மீயுலோக விண்மீன்களின் வயதுப் பரவல் ஏறத்தாழ 300 கோடி ஆண்டுக்கு முன் திரும்புகிறது. பட்டை இளமையானதாக இருக்கலாம் என்பது அவர்கள் வாதம். தலைப்பிலேயே கேள்விக்குறி போட்டிருந்தார்கள்; அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். அதே ஆண்டு ஜேசன் சாண்டர்ஸ் குழு, மையத்து வட்டில் உள்ள மிரா வகை மாறொளி விண்மீன்களை வைத்துப் பட்டைக்கு ஏறத்தாழ 800 கோடி ஆண்டு வயது என்றது. ஜோ போவி குழுவின் 2019 ஆய்வும் அதே அளவைச் சொன்னது. என் எடைபோடலில் மூத்த பட்டைக்கே சான்று கனமாக இருக்கிறது. மையத்து வட்டு பட்டையால் உருவாகும் பொருள். அதன் வயது பட்டையின் பிறப்போடு நேராகக் கட்டுண்டது. 26,000 ஒளியாண்டு தள்ளி வந்துசேர்ந்தவர்களின் வயதோ, பிறப்பு, நகர்வு, நாம் பொறுக்கியெடுத்த முறை ஆகிய மூன்றும் கலந்த எண். அதிலிருந்து பட்டையின் வயதைப் பிரித்தெடுக்க இன்னும் பல முடிச்சுகளை அவிழ்க்க வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது. சூரியனைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் இரும்பு கொண்டு, சூரியனைவிட மூத்து, வட்டப் பாதையில் நம் வட்டாரத்தில் சுற்றும் விண்மீன்கள் உள்ளே பிறந்து குடிபெயர்ந்தவை. இதை நிறுவப்பட்ட உண்மையாக ஏற்கலாம். சுருள்கையும் பட்டையும் சேர்ந்து அவற்றை நகர்த்தின என்பது வலுவான கருத்து. எதற்கு எவ்வளவு பங்கு என்பது தீரவில்லை. எந்த ஒரு தனி விண்மீனுக்கும், சூரியன் உட்பட, இன்ன ஆரத்தில் பிறந்தது என்று சொல்லப்படும் எண் மாதிரியின் எண்ணே, அளவீடு அல்ல. பட்டை இளமையானது என்ற முடிவு நிறுவப்படவில்லை.

இந்தத் தீர்ப்பை மாற்றக்கூடிய தரவு தொலைவில் இல்லை. கையா 2025 மார்ச் மாதம் அணைக்கப்பட்டுவிட்டாலும், அதன் நான்காவது தரவு வெளியீடு 2026 டிசம்பரில் வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். வந்ததும் சூரியனின் பிறந்த ஊர் பற்றி மறுபடி செய்திகள் வரும். தமிழில் அவற்றை எழுதப்போகும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எத்தனை ஒளியாண்டு என்ற எண்ணை எழுதும்போது, எந்த உலோகச் சரிவை வைத்து அந்த எண் வந்தது என்பதையும் அதே வரியில் எழுதுங்கள்.